விடைக்குறிப்பில் 'என்பாரும் உளர்' என்று ஒரு வரி சேருங்கள்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் திருப்புதல் தேர்வுக்கு வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரித்துத் தரும் மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

சென்ற தேர்வின் விடைக்குறிப்போடு நீங்கள் அனுப்பிய அறிவுரையின் கடைசி வரியைப் பற்றித்தான் இந்த மடல். "செய்யுள் வினாக்களில் விடைக்குறிப்பில் உள்ள கருத்துகளுக்கு மட்டுமே மதிப்பெண் வழங்கவும். மாணவரின் சொந்த விளக்கங்களுக்கு மதிப்பெண் இல்லை" என்று அதில் இருந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அது வந்தவுடன் ஒருவர் பின் ஒருவராகக் கட்டைவிரல் போட்டார்கள். நான் போடவில்லை, ஆனால் எதிர்த்தும் ஒரு வார்த்தை எழுதவில்லை. விடைத்தாள் கட்டு திரும்பி வந்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

நான் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டு ஊர் ஒன்றில் அரசுப் பள்ளித் தமிழாசிரியை. வேலைக்கு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் பல முறை போயிருக்கிறேன். கட்டைப் பிரித்தால் மதியத்துக்குள் முடிக்க வேண்டும், கூட்டல் தப்பக் கூடாது, கூர்ந்தாய்வு அலுவலர் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அந்த நெருக்கடி எல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இந்த முறை எங்கள் பிள்ளைகளின் தாள்களை வேறு பள்ளிக்கு மாற்றித் திருத்தினார்கள். கட்டு வந்ததும் வழக்கம் போல முதலில் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். என் வகுப்பில் நன்றாகப் படிக்கிற ஒரு பெண்ணுக்கு ஒரு மூன்று மதிப்பெண் வினாவில் பூஜ்யம். விடை எழுதாமல் விட்டுவிட்டாளோ என்று தாளைப் புரட்டினேன். முக்கால் பக்கம் எழுதியிருந்தாள். அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் "சொந்தக் கருத்து" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது.

வினா உங்களுக்கு நினைவிருக்கும். குறுந்தொகையின் நாற்பதாம் பாடலைக் கொடுத்து, "'செம்புலப் பெயல்நீர் போல' என்னும் உவமையை விளக்குக" என்று கேட்டிருந்தீர்கள். பாடலைப் படிக்காத தமிழாசிரியர் இருக்க முடியாது. ஆனாலும் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று பெற்றோருக்கும் விளங்க வேண்டும் என்பதால் இங்கே எழுதிவிடுகிறேன்:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே.

என் தாயும் உன் தாயும் யாரோ எவரோ. என் தந்தையும் உன் தந்தையும் எந்த வழியில் உறவு? நானும் நீயும் ஒருவரை ஒருவர் எப்படி அறிந்தோம்? ஆனாலும் செம்மண்ணில் பெய்த மழைநீர் போல நம் நெஞ்சங்கள் தாமாகவே கலந்துவிட்டன என்று தலைவன் தலைவியிடம் சொல்கிறான். உங்கள் விடைக்குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: "செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் அந்நிலத்தோடு கலந்து செந்நிறமாவது போல, தலைவன் தலைவி நெஞ்சங்கள் பிரிக்க முடியாதபடி ஒன்று கலந்தன." இதில் தவறு எதுவும் இல்லை. நானும் முதலில் இதைத்தான் நடத்துவேன்.

அந்தப் பெண் எழுதியதை எழுத்துப்பிழை மட்டும் திருத்தி அப்படியே தருகிறேன்.

"எங்கள் தெரு செம்மண் தெரு. மழை பெய்தால் முந்திரிக்காட்டிலிருந்து தண்ணீர் சிவப்பாக ஓடி வரும். மேலேயிருந்து விழும்போது அதற்கு நிறம் இல்லை. மண்ணைத் தொட்டதும் சிவந்துவிடும். எது மண் எது தண்ணீர் என்று சொல்ல முடியாது. அதுபோல இருவர் மனமும் கலந்தது. ஆனால் என் தம்பி ஒருநாள் அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்தான். காலையில் பார்த்தால் மண் அடியில் தங்கி, தண்ணீர் மேலே தெளிவாக இருந்தது. ஓடும்போது கலந்திருக்கிறது, நின்றால் பிரிந்துவிடுகிறது. தலைவிக்கும் இது தெரிந்திருக்கும். அவன் விட்டுவிட்டுப் போய்விடுவானோ என்று அவள் பயந்திருப்பாள். அதனால்தான் அவன் தேங்கிய நீர் என்று சொல்லாமல் பெயல்நீர் என்று சொல்கிறான். மழை பெய்துகொண்டே இருக்கும் வரை கலப்பு இருக்கும்."

எழுந்து போய் ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து இன்னொரு முறை படித்தேன்.

தலைவி பயந்திருப்பாள் என்கிறாளே, அது பாட்டின் ஐந்து அடிகளில் எங்கேயும் வெளிப்படையாக இல்லை. ஆனால் பாட்டோடு வழிவழியாக வரும் துறைக் குறிப்பில், அதாவது யார் எந்தச் சூழலில் சொன்னது என்று காட்டும் குறிப்பில், இருக்கிறது. 1937-இல் உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகையைப் பிரித்துப் பாருங்கள். 'பிரிவர்' எனக் கருதி அஞ்சிய தலைமகளின் குறிப்பு வேறுபாட்டைக் கண்டு தலைமகன் சொன்னது என்பதுதான் அந்தத் துறை. அவள் முகம் மாறியதை அவன் பார்த்துவிட்டான். அந்த முகத்துக்குப் பதிலாகச் சொன்னதுதான் இந்தப் பாட்டு. நாம் அதை வகுப்பில் சொல்வதில்லை. துறை தேர்வுக்கு வராது என்று தாண்டிப் போகிறோம். அந்தப் பிள்ளை துறையைப் படித்தவள் இல்லை. ஒரு வாளித் தண்ணீரைப் பார்த்தே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாள். அந்த விடைக்குத்தான் நாம் பூஜ்யம் கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்றும் கவனியுங்கள். அவள் விடையின் முதற்பகுதியில் உங்கள் விடைக்குறிப்பு முழுவதுமே இருக்கிறது. மழை, மண், நிறம், கலப்பு, பிரித்தறிய முடியாமை எல்லாம் வந்துவிட்டன. 'செந்நிறமாவது' என்பதற்குப் பதில் 'சிவந்துவிடும்' என்று எழுதினாள், 'ஒன்று கலந்தன' என்பதற்குப் பதில் 'இருவர் மனமும் கலந்தது' என்று எழுதினாள், அவ்வளவுதான். அதற்கு மேலே அவளாக ஒரு படி போனதும், திருத்தியவருக்கு முழு விடையும் சந்தேகமாகிவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. 'சொந்த விளக்கங்களுக்கு மதிப்பெண் இல்லை' என்று நீங்கள் எழுதி அனுப்பியதை அவர் செய்தார்.

அதே கட்டில் இன்னொரு பையன், 'செம்புலம்' என்பதற்குச் 'செம்மையான நிலம், உழுது பண்படுத்திய நிலம்' என்று எழுதி, பண்பட்ட மண் நீரை உடனே உள்ளே வாங்கிக்கொள்ளும், அதுபோல அவள் மனம் அவனை வாங்கிக்கொண்டது என்று விளக்கியிருந்தான். அதற்கும் பெருக்கல் குறி. செம்மை என்ற சொல்லுக்குச் சிவப்பு என்றும் பொருள், செப்பம், நேர்மை என்றும் பொருள். 2004-இல் தமிழைச் செம்மொழி என்று அறிவித்தார்களே, அங்கே செம்மை என்றால் சிவப்பா? சிவந்த நிலம் என்பதுதான் இந்த இடத்தில் எனக்குப் பிடித்த பொருள். நிறம் போய்விட்டால் அந்த உவமையில் பாதி போய்விடும் என்று அந்தப் பையனிடம் வாதாடுவேன். ஆனால் வாதாட வேண்டிய விடை அது. அடித்துப்போட வேண்டிய விடை இல்லை.

எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. 'ஞாய்' என்பதை 'நாய்' என்று படித்து ஒருவன் எழுதியிருந்தான். அது தவறு, பூஜ்யம்தான். யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய். இதை மாற்றி எழுதினால் பாட்டில் பேசுவது யார் என்பதே மாறிப்போகும். சொல்லுக்குப் பொருள் தெரிய வேண்டும். அதில் விட்டுக்கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. சொல்லின் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, பாட்டில் உள்ள சொல்லையே சாட்சியாகக் காட்டி ஒரு பிள்ளை வேறொரு இடத்துக்குப் போனால், அங்கே நாம் கூடப் போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அந்தப் பெண் 'பெயல்நீர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போனாள். இல்லாததைக் கற்பனை செய்யவில்லை.

நம் உரைகாரர்கள் என்ன செய்தார்கள் என்று யோசித்துப் பார்த்தீர்களா? திருக்குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பதின்மர் என்று வெண்பாவே இருக்கிறது. மணக்குடவர், பரிதியார், பரிப்பெருமாள், காளிங்கர், பரிமேலழகர் ஆகிய ஐவரின் உரைகள் நம் கைக்குக் கிடைத்திருக்கின்றன. எல்லாக் குறளுக்கும் இவர்கள் ஒரே பொருள் சொல்லியிருந்தால் ஐந்து உரை எதற்கு? தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதினார், பிறகு சேனாவரையர், பேராசிரியர், நச்சினார்க்கினியர், தெய்வச்சிலையார், கல்லாடனார் எழுதினார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். மறுத்தபோதும் எதிராளி சொன்னதை அழிக்கவில்லை. "என்று உரைப்பாரும் உளர்", "என்பாரும் உளர்" என்று எழுதி வைத்துவிட்டுத்தான் தம் கருத்தைச் சொன்னார்கள். பரிமேலழகர் அளவுக்குத் தம் கருத்தில் உறுதியானவர் கிடையாது. அவரே எழுதுகிறார், 'உளர்' என்று. எனக்கு அந்தச் சொல்லின் மேல் பெரிய மரியாதை உண்டு. வேறு மாதிரி படிக்கிற ஆளும் இங்கே இருக்கிறார் என்று ஒப்புக்கொள்கிற சொல் அது.

எட்டாம் வகுப்பில் ஒருமுறை அறன்வலியுறுத்தல் அதிகாரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை." அறத்தின் பயன் இது என்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை, பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஏறிப் போகிறவனையும் பார்த்தாலே தெரியும் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். அதைச் சொல்லி முடித்தேன். பின்பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். அவன் அப்பா திருவிழாவில் சாமிப் பல்லக்குத் தூக்குகிறவர், தோளில் காய்ப்பு இருக்கும்.

"அம்மா, வேணாம்னா சொல்லாதேன்னுதானே அர்த்தம்? தூக்குறவன்கிட்டப் போயி, இது நீ செஞ்ச பாவம்னு சொல்லாதேன்னு வள்ளுவர் சொல்றாரா?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. கரும்பலகையில் இரண்டு வாக்கியம் எழுதினேன். 'எனக்குச் சோறு வேணாம்.' 'மழையில போக வேணாம்.' முதலாவதில் வேண்டாம் என்றால் தேவையில்லை. இரண்டாவதில் கூடாது. குறளில் இருப்பது எது? இரண்டுக்கும் அந்தச் சொல் இடம் கொடுக்கிறது. சொல்லக் கூடாது என்றே பொருள் கண்டவர்கள் பிற்காலத்தில் உண்டு. அன்று பிள்ளைகள் மணி அடித்த பிறகும் சண்டை போட்டார்கள். திருக்குறளுக்காக எட்டாம் வகுப்பில் இடைவேளையை விட்டுக்கொடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா? சரி, அதே பையன் இன்று பத்தாம் வகுப்பில் உங்கள் தேர்வில் அப்படி எழுதினால் என்ன கிடைக்கும்?

இதற்கு முன்பு நான் பெண்ணையாற்றங்கரைப் பள்ளி ஒன்றில் இருந்தேன். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு மூன்று நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து கடலூர் மாவட்டத்தின் ஆற்றோர ஊர்கள் எப்படிக் கிடந்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர்கள். பள்ளி திறந்த பிறகு வைத்த ஒரு தேர்வில் வள்ளலாரின் "வாடிய பயிரைக் கண்டபோ தெல்லாம் வாடினேன்" வந்தது. இவ்வடியால் நீங்கள் உணர்வது யாது என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேள்வி. நீங்கள் உணர்வது யாது! கேள்வியில் 'நீங்கள்' இருக்கிறது. விடைக்குறிப்பில் மட்டும் 'ஓரறிவு உயிரிடத்தும் இரக்கம் கொள்ளும் சீவகாருண்யம்' என்ற ஒரே வரி.

ஒரு பையன் எழுதினான்: "எங்கள் வயலில் பயிர் வாடவில்லை, தண்ணீரில் அழுகியது. அப்பா வரப்பில் நின்றுகொண்டே இருந்தார். பயிர் போனால் பயிருக்காக மட்டும் யாரும் வருந்துவதில்லை. அதைச் சாப்பிடப் போகிறவர்கள் வயிற்றுக்காகவும் வருந்துவார்கள். அடுத்து உடனே 'பசியினால் இளைத்தே' என்று வருகிறது."

அடுத்து உடனே பசி வருகிறது என்பதை நான் அத்தனை ஆண்டுகளாக அந்தப் பாட்டை நடத்தியும் கவனித்ததில்லை. வாடிய பயிரையும், வீடுதோறும் இரந்தும் பசி தீராதவர்களையும் வள்ளலார் ஒரே மூச்சில் சொல்கிறார். பயிருக்கும் பசிக்கும் நடுவில் அவர் மூச்சு விடவில்லை. வடலூரில் 1867-இல் அவர் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்! அந்த அடுப்பையும் இந்த அடியையும் சேர்த்துப் பார்க்க அந்தப் பையனுக்குத்தான் தெரிந்தது. சீவகாருண்யம் என்ற சொல் அவன் விடையில் இல்லை என்று அரை மதிப்பெண் போட்டிருந்தார்கள்.

உங்கள் தரப்பு நியாயத்தையும் யோசித்தேன். திருத்துகிறவர் ஆளுக்கு ஒரு மாதிரி மதிப்பெண் போட்டால் பிள்ளைகளுக்கு அநீதி ஆகிவிடும், அதற்காகத்தான் விடைக்குறிப்பு என்பீர்கள். உண்மைதான். மதிப்பெண் மாணவருக்கு வாழ்க்கை, அதில் விளையாடக் கூடாது. ஆனால் இதே வினாத்தாளில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு படம் கொடுக்கிறோம். கட்டுரை எழுதச் சொல்கிறோம், வாழ்த்து மடல் எழுதச் சொல்கிறோம். அங்கெல்லாம் பிள்ளைகள் எழுதப் போகிற வாக்கியம் விடைக்குறிப்பில் இருக்காது. இருந்தும் நாம் படித்துப் பார்த்து, நியாயமாக மதிப்பெண் போடுகிறோம். ஒருவர் படித்துப் பார்த்து மதிப்பிட முடியும் என்று அந்த வினாக்களில் நம்மை நம்புகிறீர்கள். செய்யுள் என்று வந்தவுடன் மட்டும் அந்த நம்பிக்கை எங்கே போகிறது?

பயத்தில் நாம் செய்ததன் பலன் வகுப்பறையில் தெரிகிறது. 'நயம் பாராட்டுக' வினாவுக்கு வாருங்கள். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் பிள்ளைகள் ஒரே விடையை எழுதுகிறார்கள். "குயவனுக்குப் பானை, செய்யுளுக்கு மோனை." "மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை." திரண்ட கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம் என்று வரிசையாகத் தலைப்பு, தலைப்புக்கு ஒரு பழமொழி, கீழே பாட்டிலிருந்து பிய்த்து எடுத்த இரண்டு சொல். கடலைப் பற்றிய பாட்டாக இருந்தாலும் தாயைப் பற்றிய பாட்டாக இருந்தாலும் அதே பானை, அதே வைகை. பாட்டைப் படிக்காமலே நயம் பாராட்டிவிடலாம். நான் திருத்திய தாள்களில் அப்படி எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன், ஏனென்றால் தலைப்புகள் எல்லாம் இருந்தன. மெல்லக் கற்கும் பிள்ளைகள் தேர்ச்சி பெறட்டும் என்று நாமே அதை அச்சடித்துக் கொடுத்தோம். அந்த நோக்கம் நல்லது. அப்புறம் அதுவே எல்லாப் பிள்ளைகளுக்கும் வழியாகிவிட்டது.

2018, 2019-இல் புதிய பாடநூல்கள் வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். நடுநிலை வகுப்புகளில் 'சிந்தனை வினா' என்று தனியாகவே கொடுத்திருந்தார்கள். பெயரிலேயே சிந்தனை இருக்கிறது, இதற்கு ஒரே விடை இருக்க முடியாது என்று நினைத்தேன். ஒரு வருஷம் போவதற்குள் சிந்தனை வினாவுக்கு விடை அச்சிட்ட கைடு கடையில் வந்துவிட்டது. என் வகுப்பில் முப்பது பிள்ளைகள் ஒரே மாதிரி சிந்தித்து எழுதிக்கொண்டு வந்தார்கள். நான் அதற்கு 'சரி' போட்டுக் கையெழுத்தும் போட்டேன். உங்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. முகாமில் நானும் இதுபோன்ற விடைகளை அடித்திருக்கிறேன். விடைக்குறிப்பில் இல்லை, மேலே கேட்டால் என்ன சொல்வது என்று அடித்தேன். யார் பிள்ளையோ, எந்த ஊரோ, பெயர்கூடத் தெரியாது. இந்தப் பெண்ணின் தாளைப் பார்த்த அன்று அவர்கள் எல்லாரும் நினைவுக்கு வந்தார்கள்.

அன்று மாலை அவளைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தேன். அவள் அம்மா முந்திரி உடைக்கப் போகிறவர். ஓட்டு எண்ணெய் பட்டு உள்ளங்கை கறுத்துப் போயிருக்கும். பள்ளி விட்டதும் இவளும் கூடப் போய் உட்காருவாள். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"சொந்தக் கருத்துன்னா தப்புங்களாம்மா?" என்று கேட்டாள்.

"தப்பில்ல. நீ எழுதினது நல்லா இருக்கு. துறையிலயே அப்படித்தான் இருக்கு" என்று புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். ஆர்வமாகப் படித்தாள். பிறகு தாளை மடித்துக்கொண்டே, "சரிங்கம்மா, பப்ளிக்ல கைடுல இருக்கிறதையே எழுதிடறேன்" என்றாள்.

அவள் சொன்னபடியே அடுத்த தேர்வில் செய்தாள். வேறொரு பாட்டு வந்திருந்தது. கைடில் உள்ள நான்கு வரியை ஒரு சொல் பிசகாமல் எழுதியிருந்தாள். மூன்றுக்கு மூன்று வாங்கினாள். அவள் தெரு அந்த விடையில் இல்லை, வாளி இல்லை, தம்பி இல்லை. அந்த மூன்று மதிப்பெண்ணைப் பட்டியலில் ஏற்றும்போது எனக்கு ஏற்பட்ட வருத்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. செம்மண்ணில் பிறந்து வளர்ந்த பிள்ளை அது. செம்புலப் பெயல்நீர் என்றால் என்ன என்று நாம்தான் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பாட்டு எழுதிய புலவரின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. இந்த உவமையை வைத்தே செம்புலப் பெயனீரார் என்று கூப்பிடுகிறோம். எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னால் அவர் பார்த்த அதே தண்ணீரை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை முந்திரிக்காட்டு ஓரத்தில் பார்த்துவிட்டு வந்து நம்மிடம் சொல்கிறாள். அவளை நாம் கைடுக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

நான் கேட்பதை வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன்.

'சொந்த விளக்கங்களுக்கு மதிப்பெண் இல்லை' என்ற வரியைத் திரும்பப் பெறுங்கள். அடுத்த திருப்புதல் தேர்வுக்கு முன்பே, எழுத்தில், அதே வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னால் யாரும் துணிய மாட்டார்கள்.

செய்யுள் விளக்க வினா ஒவ்வொன்றின் விடைக்குறிப்புக்குக் கீழேயும், பழைய உரைகாரர்கள் எழுதியது போல, வேறு பொருள் கொள்வாரும் உண்டு என்று ஒரு வரி சேருங்கள். தெரிந்த மாற்றுப் பொருள் இருந்தால் அதையும் குறியுங்கள். செம்புலம் என்பதற்கு இரண்டு வரி போதும். தெரியாத பொருளைப் பிள்ளை எழுதினால் திருத்துகிறவர் எப்படி முடிவெடுப்பது என்பதற்கும் ஒரு வழி சொல்கிறேன். மூன்று மதிப்பெண்ணைப் பிரித்துவிடுங்கள். சொற்பொருள் சரியாக இருந்தால் ஒன்று. தன் விளக்கத்துக்குப் பாட்டிலிருந்தே ஒரு சொல்லையோ அடியையோ காட்டினால் ஒன்று. விளக்கம் முன்னுக்குப் பின் முரண் இல்லாமல் இருந்தால் ஒன்று. கைடில் உள்ளதை எழுதுகிற பிள்ளைக்கும் இதில் நஷ்டம் இல்லை. திருத்துகிறவர் கூர்ந்தாய்வு அலுவலரிடம் காரணம் சொல்லவும் இது உதவும்.

'நீங்கள் உணர்வது யாது' என்று கேட்டால் ஒரே விடையைக் குறிப்பில் கொடுக்காதீர்கள். ஒரே விடைதான் வேண்டும் என்றால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். 'நயம் பாராட்டுக' வினாவில் தலைப்புகளுக்கு மதிப்பெண் பிரித்துக் கொடுக்கிறதைக் குறைத்து, அந்தப் பாட்டுக்கு மட்டுமே பொருந்தும் ஒரு வாக்கியமாவது இருக்க வேண்டும் என்று சேருங்கள். பானையும் வைகையும் தானாகவே குறையும்.

சங்கப் பாடல் கொடுக்கும்போது துறையையும் சேர்த்து அச்சிடுங்கள். இரண்டு வரிதான், தாளில் இடம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அந்தப் பெண்ணின் விடைத்தாளை அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டு வாங்கி, பெயரையும் பள்ளியையும் மறைத்துப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். உங்களுக்கு அனுப்புகிறேன். நான் அதைத் திருத்தியிருந்தால் இரண்டரை போட்டிருப்பேன். 'தாம் கலந்தனவே' என்பதில் வரும் 'தாம்' என்ற சொல்லை அவள் விட்டுவிட்டாள். யாரும் கலக்காமல் தாமாகவே கலந்தன என்பது விளக்கத்தில் வந்திருக்க வேண்டும். அதற்கு அரை குறைத்தேன். நீங்கள் குழுவாக உட்கார்ந்து படித்து, எத்தனை மதிப்பெண் என்று தாளிலேயே எழுதி, ஏன் என்றும் ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புங்கள். பொதுத்தேர்வுக்கு முன்னால் அதை நான் அவளிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
பண்ருட்டிப் பக்கத்துத் தமிழாசிரியை ஒருத்தி